1983-ல் கட்டிய வீட்டின் முகப்பை நாமே புதுப்பிக்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?

வல்லம்ரோடு:

எல்லோருக்கும் வணக்கம். தஞ்சாவூரில் எங்கள் அப்பா 1983-ல் கட்டிய வீடு. தரைத்தளம் மட்டும், மேற்குப் பார்த்த வாசல். முகப்பு 28 அடி அகலம். தரையிலிருந்து மாடிக் கைப்பிடிச்சுவர் உச்சி வரை 14 அடி. செங்கல் சுவர், சிமெண்ட் பூச்சு. அந்தக் காலத்து எலிவேஷன் அப்படியே இருக்கிறது: சிப்ஸ் பதித்த கிரிட் வேலையோடு இரண்டு போர்டிகோ தூண்கள், பக்கவாட்டில் சிமெண்ட் ஜாலி (துளைகளோடு கூடிய தடுப்பு), ஜன்னல்களுக்கு மேல் நீளமாக ஓடும் சன்ஷேடு, கைப்பிடிச்சுவரில் சாய்வான பட்டைகள், சூரியன் உதிக்கிற மாதிரி கிரில் அடித்த கேட்.

பல வருஷமாக ஸ்னோசெம் என்ற சிமெண்ட் பெயிண்டை ஒன்றின் மேல் ஒன்றாக அடித்து, கடைசியாக அதன் மேல் பிஸ்தா பச்சை எமல்ஷன் அடித்திருக்கிறது. இப்போது தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை பெயிண்ட் உரிந்து வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. சன்ஷேடின் அடியில் ஓரிடத்தில் காரை விழுந்து கம்பி தெரிகிறது. கைப்பிடிச்சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. குளியலறைக் குழாய் இறங்குகிற மூலையில் கறுப்பாகப் பாசி.

காண்ட்ராக்டர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, ஜாலியையும் பட்டைகளையும் இடித்துவிட்டு முகப்பு முழுக்க ஏசிபி ஷீட் (நடுவில் வேறு பொருள் வைத்த இரட்டை அலுமினியத் தகடு) அடித்தால் புது வீடு மாதிரி ஆகிவிடும் என்றார். கையில் அவ்வளவு பணமும் இல்லை, மனமும் ஒப்பவில்லை. நானும் மச்சானும் சனி, ஞாயிறுகளில் இறங்கிச் செய்யலாம் என்று பார்க்கிறோம். சிமெண்ட் பூச்சும் பெயிண்டும் ஓரளவு கைவரும். எங்கிருந்து தொடங்குவது?

புதுமுகப்பு:

சார், நான் இந்த வேலையில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன். பழைய சுவரை எவ்வளவு தேய்த்தாலும் பழைய சுவர்தான். துருப்பிடிக்காமல் துத்தநாகம் பூசிய ஜிஐ இரும்புச் சட்டம் அடித்து ஏசிபி போட்டால் மேடுபள்ளம், விரிசல், உப்பு எல்லாம் கண்ணில் படாது. சாம்பல் நிறத்தோடு நடுவில் மர நிறத்தில் ஒரு பட்டை கொடுத்தால் வீட்டின் மதிப்பே வேறு. சனி ஞாயிறு என்று இழுத்தால் மழைக்காலம் வந்துவிடும்.

நிலைப்படி:

வல்லம்ரோடு தம்பி, நான் சிவில் படித்து, பழைய வீடுகளைச் சீரமைக்கிற வேலையிலேயே இருப்பவள். உங்கள் வீட்டின் முக்கியப் பிரச்சனை தண்ணீர். நீங்கள் எழுதிய நான்கு குறைகளும் தண்ணீர் போகக்கூடாத இடத்துக்குப் போவதால் வந்தவை. அதை நிறுத்தாமல் மேலே எதை ஒட்டினாலும், எதை அடித்தாலும், இரண்டு மழைக்கு மேல் தாங்காது. ஷீட்டுக்குப் பின்னால் உப்புப் பூத்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் ஒன்று செய்யுங்கள். மழை இல்லாத நாளில், பெயிண்ட் உரிந்த இடத்தைச் சுரண்டிவிட்டு, ஓரடி சதுரத்துக்குப் பிளாஸ்டிக் தாளை வைத்து நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். மறுநாள் பிரித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தரைக்கு ஓரடி மேலே, மூன்றடியில், சன்ஷேடுக்குக் கீழே என மூன்று உயரத்தில் ஒட்டினால் ஈரம் எங்கிருந்து ஏறுகிறது, எங்கிருந்து இறங்குகிறது என்று புரிந்துவிடும்.

இன்னொன்று கேட்கிறேன். உங்கள் தெரு ரோடு இப்போது வீட்டின் பேஸ்மட்டத்தை (அஸ்திவாரம் முடிந்து சுவர் எழும்பும் உயரத்தை) விட உயரமா, தாழ்வா? வாசல் முற்றத்தில் சிமெண்ட் தளம் சுவரைத் தொட்டபடி போட்டிருக்கிறதா?

வல்லம்ரோடு:

அக்கா, தாள் ஒட்டிப் பார்த்தோம். ஓரடி உயரத்தில் ஒட்டிய தாளில் முத்து முத்தாகத் தண்ணீர். மூன்றடியில் லேசாக. சன்ஷேடுக்குக் கீழே சுத்தமாகக் காய்ந்திருந்தது.

ரோடு விஷயம் நீங்கள் கேட்டது சரியான கேள்வி. ஒவ்வொரு முறையும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு ரோடு ஏறிவிட்டது. அப்பா காலத்தில் வாசலுக்கு நான்கு படி இருந்தது. இப்போது இரண்டுதான் வெளியே தெரிகிறது. தெருத்தண்ணீர் உள்ளே வராமல் இருக்க முற்றத்தை மண்ணடித்து உயர்த்திச் சிமெண்ட் தளம் போட்டோம். ஆமாம், அது சுவரை ஒட்டியேதான் இருக்கிறது.

நிலைப்படி:

அப்படியானால் உப்புக்குக் காரணம் கிடைத்துவிட்டது. செங்கல் வழியாக ஈரம் மேலே ஏறாமல் தடுக்கத்தான் பேஸ்மட்டத்தில் ஓர் அடுக்கு போடுவார்கள். வெளியே தரை அதற்கு மேல் ஏறிவிட்டதால் ஈரம் அந்த அடுக்கைச் சுற்றிக்கொண்டு நேராகச் சுவருக்குள் போகிறது. தமிழ்நாட்டு ஊர்களில் எழுபதுகள், எண்பதுகளில் கட்டிய வீடுகளில் பாதிக்கு மேல் எனக்கு இந்தக் கோளாறுதான் கண்ணில் படுகிறது.

சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்குச் சிமெண்ட் தளத்தைக் கட்டிங் மெஷினால் வெட்டி எடுங்கள். பேஸ்மட்டத்துக்கு அரையடி கீழே வரை மண்ணைத் தோண்டுங்கள். அடியில் வாட்டம் (சரிவு) கொடுத்து, தண்ணீர் வெளியேற ஒரு குழாயும் வைத்து, ஒன்றரை அங்குல ஜல்லி நிரப்பி விடுங்கள். மேலே மூடவேண்டாம். வாட்டமும் போக்கும் இல்லாவிட்டால் அந்தப் பள்ளமே தண்ணீர்த் தொட்டியாகிவிடும், கவனம். பார்ப்பதற்கும் நன்றாக இருக்கும். இன்றைக்குப் புதிதாகக் கட்டுகிற வீடுகளில் அழகுக்காகவே இப்படிக் கூழாங்கல் பட்டை விடுகிறார்கள்.

அப்புறம் உப்புப் பூத்த உயரத்துக்கு மேல் இன்னும் ஓரடி சேர்த்துப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, செங்கல்லை அப்படியே வெயிலில் காயவிடுங்கள். மாசி, பங்குனி வெயில் முழுக்கக் காய்ந்தாலும் நல்லதே. வெளியே வரும் உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். கரைந்து மறுபடி உள்ளே போகும். காய்ந்த பிரஷ்ஷால் துடைத்து அள்ளிப் போடுங்கள்.

ரசமட்டம்:

நான் கொத்தனார். அம்மா சொன்னது அத்தனையும் சரி. சன்ஷேடு பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அதில் உயிர் ஆபத்து இருக்கிறது.

தம்பி, சன்ஷேடைக் கீழேயிருந்து மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஏணி போட்டு ஏறி, மேல்பக்கம் சுவரோடு சேரும் மூலையைப் பாருங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பலகைக்கு முக்கியக் கம்பி மேல்பக்கம்தான் இருக்கும், இழுவை அங்கேதான். அந்த மூலையில் நீளவாக்கில் விரிசல் ஓடினாலோ, முனை கொஞ்சம் தலை குனிந்த மாதிரி தெரிந்தாலோ, நீங்கள் கை வைக்க வேண்டாம். அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். எப்படியிருந்தாலும் அதன் மேல் ஏறி நிற்கவே கூடாது.

மேல்பக்கம் சரியாக இருந்து, அடியில் மட்டும் காரை விழுந்திருந்தால் நீங்களே செய்யலாம். சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் நல்ல இடம். டொக்கென்று கேட்டால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது, அதையெல்லாம் கொத்தி எடுத்துவிட வேண்டும். கம்பியின் முன்பக்கம் மட்டும் தெரிந்தால் போதாது. கம்பிக்குப் பின்னால் விரல் நுழைகிற அளவு கொத்துங்கள். இல்லாவிட்டால் பின்பக்கத் துரு உள்ளேயே இருந்து, மறுபடி ஊதி, புதுக் காரையையும் தள்ளிவிடும். கம்பி பிரஷ் போட்டு இரும்பு பளிச்சென்று தெரியும் வரை தேய்த்து, துருத் தடுப்பு பூசி, காய்ந்த பிறகு லேடெக்ஸ் கலந்த சிமெண்ட் பாலை அடியுங்கள். அது ஒட்டுகிற பதத்தில் இருக்கும்போதே பாலிமர் கலவையை அழுத்தி வைக்க வேண்டும். பால் காய்ந்துவிட்டால் பிடிமானம் போச்சு. ஒரேயடியாகத் தடிமனாக அப்பாதீர்கள், தொங்கிவிடும். இரண்டு மூன்று தடவையாக ஏற்றுங்கள்.

கம்பி பாதியாகத் தேய்ந்திருந்தால் அதை மூடி மறைக்காதீர்கள். அதுவும் இன்ஜினியர் வேலைதான்.

வல்லம்ரோடு:

நன்றி அண்ணே. மேல்பக்கம் பார்த்தோம், விரிசல் இல்லை. ஆனால் சன்ஷேடின் மேல் தண்ணீர் தேங்கிச் சேறு படிந்திருந்தது. அடிப்பக்கம் ஓரத்தில் தண்ணீர் சொட்டுவதற்கான வெட்டு எதுவும் இல்லை. இப்போது கட்டிங் மெஷினால் வெட்டிவிடலாமா?

ரசமட்டம்:

வெட்டாதீர்கள். பழைய சன்ஷேடு விளிம்பு இரண்டரை, மூன்று அங்குலம்தான் இருக்கும். அதில் வெட்டினால் கம்பிக்கு மேல் இருக்கிற கொஞ்சநஞ்சக் காரையும் போய்விடும். மேலே வெளிப்பக்கமாக வாட்டம் கொடுத்து மெல்லிய பூச்சுப் போட்டு, வாட்டர் புரூஃப் கோட் இரண்டு கை அடியுங்கள். விளிம்பின் அடியில், ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளி, அரை அங்குலப் பிவிசி ஆங்கிளைப் பசை போட்டு ஒட்டிவிடுங்கள். மழைநீர் அதைத் தாண்டி உள்ளே ஓடாது, அங்கேயே சொட்டிவிடும். ஜன்னலுக்குக் கீழே சுவரில் கண்ணீர் வழிந்த மாதிரி கோடு கோடாகக் கறுக்கிறதே, அது அதோடு நின்றுவிடும்.

அரசங்கன்றை வெட்டி மட்டும் விட்டால் திரும்பத் துளிர்க்கும். அதைச் சுற்றிப் பூச்சை உடைத்து, வேர் போகிற செங்கல் வரைக்கும் எடுத்து, வேரோடு இழுத்துவிட்டு 1:4 சிமெண்ட், மணல் கலவையில் அடையுங்கள். சிலர் ஆசிட் ஊற்றச் சொல்வார்கள். அது சிமெண்டையும் கம்பியையும் சேர்த்து அரிக்கும்.

புதுமுகப்பு:

எல்லாம் சரிதான். ஆனால் இவ்வளவும் செய்த பிறகும் அது 1983-ம் வருஷத்து வீடாகத்தானே தெரியும்? தலைப்பே புதுப்பிப்பது பற்றித்தானே? ரிப்பேர் வேறு, எலிவேஷன் வேறு. ஏசிபி வேண்டாம் என்றால் எச்பிஎல் ஷீட்டாவது (அழுத்தி இறுக்கிய லேமினேட் பலகை) போடலாம். முன்னால் இருக்கிற ஜாலியும் கிரிட் தூணும் வீட்டுக்கு வயசைக் காட்டுகின்றன.

நிலைப்படி:

புதுமுகப்பு சார், ஷீட்டே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். காய்ந்த சுவரில், பின்னால் காற்று ஓட இடம் விட்டு, அளவாக ஓரிடத்தில் போட்டால் அழகுதான். வீடு முழுக்கப் போர்த்துவதைத்தான் மறுக்கிறேன். சட்டம் அடிக்கப் போடுகிற நூற்றுக்கணக்கான துளைகளில் ஒவ்வொன்றும் தண்ணீர் போகிற வழி. சன்ஷேடில் சட்டத்தின் எடையை ஏற்றினால், ரசமட்டம் அண்ணன் சொன்ன அந்த மேல்கம்பிதான் அதைத் தாங்கவேண்டும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். லண்டனில் 2017-ல் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடியில் 72 பேர் பலியான தீ அத்தனை வேகமாக வெளிச்சுவரில் ஏறியதற்கு, அங்கே போர்த்தியிருந்த, நடுவில் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் வைத்த ஏசிபி தகடுதான் முக்கியக் காரணம் என்று விசாரணையில் வந்தது. நம் கடைகளில் மலிவாகக் கிடைப்பதும் பெரும்பாலும் அந்தப் பிளாஸ்டிக் வைத்த ரகம்தான். வாங்குகிறவர்கள் தீத்தடுப்பு ரகமா என்று கேட்டு வாங்குங்கள்.

ஜாலி வயசைக் காட்டுகிறது என்கிறீர்கள். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் கட்டிய கட்டடங்களைப் போய்ப் பார்த்தால் சுவரே ஜாலியாக இருக்கும். இன்றைக்கு விலையுயர்ந்த வீடுகளில் டெரகோட்டா ஜாலியைத் தேடிப்பிடித்து வைக்கிறார்கள். மேற்கு வெயில் அடிக்கிற வாசலில் நிழலும் காற்றும் ஒன்றாகத் தருகிற பொருள் அதைவிட வேறென்ன இருக்கிறது? இந்தத் தம்பியின் வீட்டில் அது ஏற்கெனவே இருக்கிறது. நீளமான சன்ஷேடும் அப்படித்தான். படுக்கைவாட்டுக் கோடுகள், நிழல், திறந்த போர்டிகோ என்று இன்றைய வீடுகள் எதைக் காசு கொடுத்து வாங்குகின்றனவோ, அது எண்பதுகளின் வீட்டில் பெயிண்டுக்கு அடியில் இருக்கிறது. எடுத்துக்காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கடலோரக்காரி:

நாகப்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீடும் இதே காலத்தது. கிரிட் தூணைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன்.

தம்பி, தூணில் பெயிண்ட் அடித்திருக்கிறதா? இல்லையென்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். சோப்புத் தண்ணீரில் நைலான் பிரஷ் போட்டு, கீழிருந்து மேலாகத் தேய்த்து அலசுங்கள். கறுப்பும் வெள்ளையுமாகச் சிப்ஸ் தெளிவாக எழும்பும். நன்றாகக் காய்ந்த பிறகு கற்களுக்கு அடிக்கிற நிறமற்ற நீர்விலக்கிக் கோட் ஒரு கை அடியுங்கள். பளபளக்கும் வார்னிஷ் ரகம் வேண்டாம். வெயிலில் மஞ்சளாகி உரிந்துவிடும். எங்கள் தூணைப் பார்த்துவிட்டு, இது என்ன புது டிசைன், எங்கே வாங்கினீர்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள். இன்றைக்கு அந்த வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது அரிது. இடித்தால் திரும்பக் கிடைக்காது.

பாசிக்கு: பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளிந்த நீரை அடித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அதே இடத்தில் டாய்லெட் ஆசிட்டைச் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். பிரஷர் வாஷர் வாடகைக்கு எடுக்காதீர்கள். விரிசல் உள்ள பழைய சுவரில் அது தண்ணீரை உள்ளே ஊசி போட்ட மாதிரி ஏற்றிவிடும். குழாய் மூட்டு கசிகிறதா என்று முதலில் பாருங்கள், இல்லாவிட்டால் பாசி திரும்ப வரும்.

செட்டிநாட்டுப் பேரன்:

நல்ல இழை. குறுக்கே ஒரு சந்தேகம். காரைக்குடிப் பக்கம் தாத்தா காலத்து வீடு, 1930-களில் கட்டியது. வெளிச்சுவரில் பூச்சு உதிர்கிறது. ரசமட்டம் அண்ணன் சொன்ன 1:4 கலவையை அங்கேயும் போடலாமா?

ரசமட்டம்:

போடவே கூடாது தம்பி. அது சுண்ணாம்புக் காரை. ஆணியால் கீறிப் பாருங்கள், வெள்ளையாக மாவு மாதிரி உதிரும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மேலே சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, கொஞ்ச காலத்தில் சிமெண்ட் பூச்சு பழைய காரையையும் பிய்த்துக்கொண்டு பாளமாக விழும். நீர்த்த சுண்ணாம்பும் மணலும் 1:3 கலந்து, நன்றாகப் புளிக்கவிட்டுப் பூசுங்கள். கடுக்காய், வெல்லம் ஊறிய தண்ணீரைச் சேர்ப்பது அந்தப் பக்கத்து வழக்கம். மேலே சுண்ணாம்பு வெள்ளைதான் அடிக்கவேண்டும், எமல்ஷன் வேண்டாம். உங்கள் ஊர்ப்பக்கம் இந்த வேலை தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒருவரைப் பிடித்து, கூடவே நின்று கற்றுக்கொள்ளுங்கள். பூச்சு வேலையை அவர் செய்யட்டும்.

வல்லம்ரோடு:

வேலை நடக்கிறது. ஜல்லிப் பட்டை போட்டாயிற்று. கீழே நான்கு அடி பூச்சை எடுத்துக் காயவிட்டு, இப்போது தாள் ஒட்டிப் பார்த்தால் ஈரம் இல்லை. புதுப் பூச்சுப் போட்டு நீர் ஊற்றிக்கொண்டிருக்கிறோம். தூணைத் தேய்த்ததும் அம்மா வந்து, கட்டின புதிதில் இப்படித்தான் இருந்தது என்றார்கள்.

அடுத்து பெயிண்ட். வெளிச்சுவர் முழுக்கப் புட்டி போட்டு வழவழப்பாக்கச் சொல்கிறார்கள். எவ்வளவு பெயிண்ட் வாங்குவது, என்ன நிறம்? கேட்டையும் சுரண்டி அடிக்கவேண்டும்.

நிலைப்படி:

புதுப் பூச்சு குறைந்தது 28 நாள் ஆறட்டும். ஆறாத சிமெண்டின் காரம் பெயிண்டைத் தின்றுவிடும். வெளிச்சுவர் முழுக்கப் புட்டி வேண்டாம் என்பதே என் கருத்து. ஒட்டுப்போட்ட இடங்களில் மட்டும் வெள்ளைச் சிமெண்ட் புட்டியை மெல்லிசாக இழுத்துச் சமன்செய்யுங்கள். பழைய ஸ்னோசெம்மைக் கையால் தடவிப் பாருங்கள். மாவு ஒட்டினால் அது போகும்வரை தேய்த்துக் கழுவிக் காயவிட்ட பிறகுதான் பிரைமர். மாவின் மேல் எந்த விலைப் பெயிண்ட் அடித்தாலும் பிடிக்காது. மயிரிழை விரிசல்களை வி வடிவில் கீறி நிரப்புங்கள். கான்கிரீட்டும் செங்கல்லும் சேரும் இடத்தில் நீளமாக ஓடும் விரிசலுக்குக் கோழிவலை வைத்துப் பூசவேண்டும். வெறும் நிரப்பி நிற்காது.

அளவு: கதவு, ஜன்னலைக் கழித்து, சன்ஷேடு அடிப்பக்கத்தையும் சுற்றுச்சுவரையும் சேர்த்து உங்களுக்கு சுமார் 500 சதுர அடி வரும். சொரசொரப்பான சுவரில் இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் 50 சதுர அடிதான் ஓடும். 10 லிட்டர் எமல்ஷன், 5 லிட்டர் பிரைமர் என்று கணக்குப் போடுங்கள்.

நிறம் உங்கள் விருப்பம், ஆனால் மேற்கு வெயில் சுவருக்கு அடர் சாம்பல் வேண்டாம், உள்ளே அடுப்பாக்கிவிடும். சுவர் முழுக்க வெண்மையை ஒட்டிய ஒரே நிறம், மேட் ரகம். பளபளப்பு ரகம் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். சன்ஷேடு விளிம்புக்கு மட்டும் அடர் நிறத்தில் ஒரு பட்டை. ஜாலிக்குச் சுவரின் நிறமே போதும், அதன் நிழல்தான் அதற்கு அழகு. கைப்பிடிச்சுவர்ப் பட்டைகளைத் தனி நிறத்தில் எடுத்துக்காட்டாதீர்கள். எண்பதுகளின் வீடு பழசாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம், ஒவ்வொரு விளிம்புக்கும் ஒரு நிறம் அடித்ததுதான்.

இதையெல்லாம்விட மலிவான வேலை ஒன்று இருக்கிறது. முகப்பில் தொங்குகிற கேபிள், பழைய டிஷ், பயன்படாத கிளாம்புகள், மங்கிய குழல்விளக்கு எல்லாவற்றையும் கழற்றுங்கள். தேவையான ஒயர்களை ஒரே குழாய்க்குள் மூலையோடு இறக்குங்கள். சர்வீஸ் ஒயர் பக்கம் மட்டும் மின்வாரியத்தில் சொல்லி இணைப்பைத் துண்டிக்காமல் ஏணி போடாதீர்கள்.

கேட்டைக் காய்ந்த எமரியால் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. உங்கள் கேட்டில் அதற்கு முந்தைய எனாமல் அடுக்கடுக்காக இருக்கும். தண்ணீர் எமரியால் ஈரத்தோடு தேய்த்து, சேற்றைத் துணியில் வழித்து எடுத்துவிடுங்கள். முகமூடி கட்டாயம். குழந்தைகள் அந்தப் பக்கம் வரவேண்டாம்.

புதுமுகப்பு:

தூண் படம் பார்த்தேன், நன்றாக வந்திருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன், அதை மூடியிருந்தால் வீணாகியிருக்கும். கதவுக்குப் பக்கத்தில் மழை படாத அந்த நாலடிச் சுவரில் மட்டும் மரப்பட்டை வையுங்கள், என் யோசனை அவ்வளவுதான்.

வல்லம்ரோடு:

அது நல்ல யோசனை சார். பழைய தேக்கு ஜன்னல் பலகைகள் மாடியில் கிடக்கின்றன, அதையே இழைத்துப் போடுகிறோம். சனிக்கிழமை பிரைமர் தொடங்குகிறோம். மதியம் வரை ஆள் கிடைக்காது என்பதால் மூன்று மணிக்கு மேல் ஆரம்பிக்கலாமா?

ரசமட்டம்:

மேற்குச் சுவர் தம்பி, மூன்று மணிக்கு அதில் கை வைக்க முடியாது. சூடான சுவரில் அடித்தால் பெயிண்ட் இழுக்கும் முன்பே காய்ந்து பிரஷ் தடம் நிற்கும். காலை ஆறரைக்கு ஆரம்பித்து, சுவரில் நிழல் இருக்கும்போதே பதினொன்றுக்குள் முடித்துவிடுங்கள். கைப்பிடிச்சுவர் உச்சியிலிருந்து கீழ்நோக்கி வாருங்கள். ஏணியைப் பிடிக்க மச்சான் கீழே நிற்கட்டும். அவர் வராத நாளில் கீழ்ச்சுவரை மட்டும் பாருங்கள்.